சட்டத்துக்குள் ஓடும் தண்ணீர்

ஜொகூர் பாருவின் தெருக்களே பந்தயத் தடமாக இருந்த காலம் உண்டு. பாசிர் கூடாங்கில் 1986-இல் தனித் தடம் வந்ததெல்லாம் பிறகு. அந்தத் தெருப் பந்தயக் காலத்தில் இந்த வட்டாரத்தைக் கலக்கிய கார்களில் என் மனம் நிற்பது லோட்டஸ் 23-இல்தான். பந்தய ஓட்டுநர் ஆல்பர்ட் பூன் 1963-இல் பாலத்துக்கு அக்கரையில் சிங்கப்பூர் கிராண்ட் பிரீயையும், மறு ஆண்டு மக்காவ் கிராண்ட் பிரீயையும் வென்றது இதில்தான்.

இந்தக் காரைக் கொலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் 1962-இல் இங்கிலாந்தில் கட்டியது. எடை சுமார் 400 கிலோ. கண்ணாடியிழை உடலின் வளைவுகளை எல்லோரும் புகழ்வார்கள். புகழட்டும், நயம் உள்ளே இருக்கிறது. ரேடியேட்டர் மூக்கில், எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால். நடுவே தண்ணீரும் எண்ணெயும் போய்வர வழி வேண்டும். சாப்மன் அதற்கென்று தனிக்குழாய் வைக்கவில்லை. காரைத் தாங்கும் எஃகுச் சட்டமே குழாய்களால் ஆனதுதானே? அவற்றுக்குள்ளேயே ஓடவிட்டார். ஒரே இரும்புக்கு இரண்டு வேலை! ஓட்டுநருக்கு இரு பக்கமும் சூடு. நம் ஊர் வெயிலில் இதை ஓட்டியவர்கள் பாட்டைக் கேட்கவே வேண்டாம்.

அந்தச் சிக்கனத்தின் பலனை 1962 மே மாதம் நர்பர்க்ரிங் 1000 கிலோமீட்டர் பந்தயம் கண்டது. ஈரத் தடத்தில், 1.5 லிட்டர் எஞ்சினோடு, லோட்டஸ் ஓட்டுநர் ஜிம் கிளார்க் முதல் சுற்றிலேயே ஃபெராரி, போர்ஷே கார்களை 27 வினாடி பின்தள்ளினார். பிறகு புகைக்குழாய் உடைந்து, புகை அவரைக் கிறங்கடித்து, கார் தடம் விலகியது வேறு கதை.

அடுத்த மாதம் லு மான் பந்தயம். முன்சக்கரத்தைப் பிடிக்க நான்கு போல்ட், பின்சக்கரத்துக்கு ஆறு. சுமை எங்கே கூடுகிறதோ அங்கே மட்டும் கூடுதல் பிடி, அதே சிக்கனம்தான். ஆனால் ஒரே மாற்றுச் சக்கரம் முன்னும் பின்னும் பொருந்தாதே என்று அதிகாரிகள் மறித்தார்கள். அவசரமாகப் பின்பக்கத்தையும் நான்காக்கினார்கள். ஆறு தேவைப்பட்ட இடத்தில் நான்கு எப்படிப் பாதுகாப்பாகும் என்று மறுபடியும் மறுத்துவிட்டார்கள். வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் எனக்கு வயிறெரியும். இனி லு மான் பக்கமே வரமாட்டேன் என்று சாப்மன் கோபித்துக்கொண்டு போனார்.

பழைய கார் கண்காட்சியில் 23 ஒன்று நின்றால், மூக்கைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பின்மூடியைத் தூக்கச் சொல்லி, அந்தச் சட்டத்தைப் பாருங்கள்.