சபையில் சொல்லும் சொல்

மணவினையில் உரைக்கப்படும் சொற்களை நாம் இலக்கியமாகக் கருதி ஆராய்வதில்லை. ஆயின், கொடுப்போர் யார், கொள்வோர் யார், கொடுக்கப்படும் பொருள் யாது என ஒரு சமுதாயம் எண்ணுவதை அச்சொற்களைப்போல் தெளிவாகக் காட்டும் பனுவல் வேறில்லை. இரு பெண்களோ இரு ஆண்களோ மணங்கொள்ள முன்வரும்போது எச்சொற்களால் உறுதி கூறுவது என்ற வினா இன்று எழுந்துள்ளது. நம் மணச்சொற்கள் யாவற்றையும் அது உரைத்துப் பார்க்கிறது.

2022 ஆகஸ்டில் சென்னையில் இரு பெண்கள் பிராமண முறைப்படி மணவிழா நடத்தினர். இருவரும் தத்தம் தந்தையின் மடியில் அமர்ந்து மாலை மாற்றினர். பெற்றோர் முன்னின்று நடத்தியமை போற்றற்குரியது. எனினும் சடங்கின் பொருளை நோக்குவோம். மகளைத் தந்தை மடியில் இருத்துவது கன்னிகாதானத்தின் பொருட்டு. தானம் என்றால் கொடுப்பவன் ஒருவன், ஏற்பவன் ஒருவன். இடையில் நிற்பவள் பொருள். இருவருமே மடியில் அமர்ந்துவிட்டால் ஏற்பவர் யார்? பழஞ்சடங்கு தன் முரண்பாட்டைத் தானே வெளியிட்டுவிடுகிறது. அன்றியும், அம்மந்திரங்கள் வடமொழியில் அமைந்தவை. பொருள் விளங்காது திருப்பிச் சொல்லும் சொல் உறுதிமொழி ஆகாது.

இதற்கு மாற்றை நம் மொழியிலேயே கண்டவர்கள் உண்டு. 1928இல் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்த சுயமரியாதைத் திருமணம் புரோகிதரை நீக்கியது. மணத்தை வாழ்க்கைத் துணை ஒப்பந்தமாக்கியது. இருவர்க்கும் உரிமை ஒன்றே என உரைக்கச் செய்தது. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் இத்தகைய மணம் செல்லாது என்றது. அதற்காக மக்கள் அதனைக் கைவிடவில்லை. அண்ணா அரசின் 1967ஆம் ஆண்டுச் சட்டம் 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்து, முன் நடந்த மணங்களையும் செல்லுபடியாக்கிற்று. சொல் முன்னே சென்றது. சட்டம் நாற்பதாண்டு கழித்துப் பின்தொடர்ந்தது. எனினும் அச்சட்டமும் கணவன், மனைவி என்ற இரு சொற்களோடு நின்றுவிட்டது.

இங்கே தமிழ் இலக்கணம் நமக்குத் துணைவருகிறது. ஆண்பால், பெண்பால் என்ற பாகுபாடு நம் மொழியில் படர்க்கைக்கே உரியது. தன்மைக்கும் முன்னிலைக்கும் அது இல்லை. உறுதிமொழியோ நானும் நீயும் பேசும் பேச்சு. ஆகவே அதில் திருத்தவேண்டிய பால் எதுவும் இல்லை. புரோகிதரும் பதிவாளருமே படர்க்கையில் நின்று அவன், அவள் என்கின்றனர்.

ஆனால் பாலில்லாத முன்னிலையில் படிநிலை உண்டு. யாழ்ப்பாணத்து மனைவி கணவனை 'நீங்கள்' என்கிறாள். அவன் அவளை 'நீர்' என்றோ 'நீ' என்றோ அழைக்கிறான். ஒரு பாலார் இருவர் மணக்கும்போது இவற்றுள் எதைக் கொள்வது? இருவரும் 'நீ' எனலாம். இருவரும் 'நீங்கள்' எனலாம். ஒருவர் உயர, ஒருவர் தாழ நிற்கும் வழக்கு மட்டும் இனி இயலாது. ஆண் பெண் மணத்திலும் அது ஏன் இயலவேண்டும்?

இது வசதி படைத்தோரின் வினா, சோறும் நிலமும் அன்றோ முதல் என்பர் நம் தோழர் சிலர். நம் மணமே நிலத்தையும் சாதியையும் காக்கும் ஏற்பாடாக இருப்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். தேசவழமை சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. முதுசம் பரம்பரையால் வருவது. சீதனம் பெண்ணோடு கொடுக்கப்படுவது. தேடியதேட்டம் இருவரும் கூடி வாழும் காலத்தில் ஈட்டுவது. சமமான இருவர் சொல்லத்தக்க சொல் இம்மூன்றனுள் கடைசியே. "உன்னை என் வாழ்க்கைத் துணையாக ஏற்கிறேன், நாம் தேடும் தேட்டம் இருவர்க்கும் பொது, நோயிலும் முதுமையிலும் உன் அருகிருப்பது என் கடன்" என்று இருவரும் மாறிமாறிச் சொன்னால் போதாதோ?

புங்குடுதீவு மடத்துவெளியிலிருந்து சென்ற நம்மவர் வாழும் கனடாவில் 2005 முதலும், பிரான்சில் 2013 முதலும், சுவிற்சர்லாந்தில் 2022 முதலும் இம்மணம் சட்டப்படி செல்லும். வாணர் பாலத்துக்கு இப்பால் நிலை வேறு. 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையின் 365, 365அ பிரிவுகள் ஆங்கில ஆட்சி விட்டுச்சென்றவை. 1995இல் அவற்றின் நிழல் பெண்கள்மீதும் விழுந்தது. அவற்றைத் திருத்தும் மசோதா அரசியலமைப்புக்கு மாறானதன்று என 2023 மேயில் உயர் நீதிமன்றம் கூறியும், பாராளுமன்றம் அதனை நிறைவேற்றாமலே 2024இல் கலைந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17இல் இத்தகையோர்க்கு மண உரிமையை மறுத்தது. ஆயினும் குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2025 மேயில் உரைத்தது.

சட்டம் சாட்சியாக நிற்க மறுக்கும்போது அப்பொறுப்பு சபைக்கு வருகிறது. மக்களிடை ஏமாற்றும் பிழையும் தலைகாட்டிய பிறகே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்பது தொல்காப்பியர் கருத்து. சொன்ன சொல் பிறழாதிருக்கப் பலர் அறியச் சொல்வதே அதன் நோக்கம். நம் மணப்பந்தலில் அறுகரிசி தூவுவோர் வேடிக்கை பார்க்க வந்தவர் அல்லர். கேட்ட சொல்லைக் காப்போம் என ஒப்புக்கொள்பவர். நம்மிடம் படித்த பிள்ளைகள் இருவர் நாளை அச்சொல்லைச் சொல்ல வந்தால், அறுகரிசியைக் கையில் ஏந்தி நிற்க ஆசிரியராகிய நாம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.