தலைகீழ் மலை

அந்தமானில் டெய்ரி ஃபார்ம் என்ற எங்கள் பகுதியிலிருந்து விடியற்காலைப் படம் எடுக்கப் போகிறவர் முந்தின இரவே ஏசியை அணைத்துவிட வேண்டும். குளிர்ந்த லென்ஸைத் தீவின் ஈரக்காற்றில் நீட்டினால், பால் காய்ச்சும்போது மூக்குக்கண்ணாடி மங்குமே, அப்படி மங்கிப்போகும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். அது தெளிவதற்குள் வானத்தின் செம்மை போயிருக்கும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று விடியல்கள் செலவாயின. இப்போதெல்லாம் கேமராப் பை இரவு முழுக்க வராந்தாவில்தான் தூங்குகிறது.

இன்னொன்று, கடிகாரத்தை நம்பக்கூடாது. மெயின்லேண்டின் நேரத்தையே தீவிலும் வைத்திருக்கிறோம். சூரியன் அதற்குக் கட்டுப்படுவதில்லை. சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முந்திக்கொண்டு வருகிறது. மே மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் உதயம். அப்படியானால் நாலரைக்கு ஸ்டாண்டின் கால் சேற்றில் ஊன்றியிருக்க வேண்டும். காராச்சர்மா வழியாக சிப்பிகாட் போகும் சாலையில் அந்நேரத்துக்கு நாய்கள் மட்டும்தான் துணை.

நான் படம் எடுக்கப் போகும் சிப்பிகாட்டில் ஏரி கிடையாது. அங்கே பரந்து கிடக்கும் தண்ணீருக்கு அடியில் இருப்பது வயல். 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் தெற்கு அந்தமானின் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் அமிழ்ந்தது. சுனாமியோடு ஏறிய கடல்நீர் வயல்களை விட்டுப் போகவில்லை. ஏற்றவற்றத்தோடு இன்றும் வந்து போகிறது. உப்பில் பட்டுப்போன மரங்கள் வெள்ளெலும்பு மாதிரி நிற்கின்றன. பின்னால் தாழ்ந்த காட்டுக்குன்றுகள். இமயத்தின் உயரமோ கொடைக்கானல் பேரிஜத்தின் பனிமூட்டமோ இங்கே இல்லை. தீவுக்கூட்டத்திலேயே உயரமான சாடில் பீக்கே 732 மீட்டர்தான், அதுவும் வடகோடியில். ஆனாலும் பிம்பம் பிடிக்க எனக்கு இந்தக் குட்டைக் குன்றுகள் போதும்.

பிம்பப் படம் என்றால் மேலே ஒரு மலை, கீழே அதன் நகல், நடுவில் ஒரு கோடு என்று நினைப்பவர்கள் உண்டு. சீட்டுக்கட்டு ராஜா மாதிரி, எப்படித் திருப்பினாலும் ஒன்றே. தண்ணீர் அப்படி நகல் எடுப்பதில்லை. கேமரா நீர்மட்டத்துக்கு நான்கடி மேலே இருந்தால், பிம்பத்தில் தெரிவது நான்கடி கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும் காட்சி. நேரில் குன்றின் விளிம்புக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும் ஒரு பட்டமரம், தண்ணீரில் அந்த விளிம்பைத் தாண்டி வானத்தைக் குத்தும். ஒருமுறை இதைக் கண்டுகொண்டால் பிறகு எந்தப் படத்திலும் கண் முதலில் கீழ்ப்பாதிக்குத்தான் போகும்.

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் இதைவிடத் துணிந்தவர். ஃபூஜி மலை ஓவியத் தொடரில் மிசாக்காவில் ஏரியை வரைந்த படத்தில், மேலே நிற்பது பனி உருகிய கோடைக்கால மலை; தண்ணீரில் விழுந்திருப்பதோ பனிமூடிய மலை, அதுவும் நேர்கீழே இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி. கேமராக்காரனால் அந்த அளவுக்குப் போக முடியாது. பொறாமையாக இருக்கிறது.

வெளிச்சக் கணக்கு வேறு. செங்குத்தாகக் குனிந்து பார்த்தால் தண்ணீர் திருப்பித் தரும் ஒளி நூற்றில் இரண்டு பங்குதான். பார்வை நீரை ஒட்டிச் சாயச்சாய அது கூடும்; பத்து பாகையில் மூன்றில் ஒரு பங்கு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சேற்றில் முட்டிபோட்டு லென்ஸைத் தாழ்த்துகிறார்கள். எவ்வளவு தாழ்த்தினாலும் பிம்பம் வானத்தைவிடக் கொஞ்சம் இருட்டாகத்தான் இருக்கும். வானத்தைக் கறுக்க வைக்கும் பாதிநிற ஃபில்டரை அளவுக்கு மீறிப் போட்டு, தண்ணீர் வானத்தைவிடப் பளபளக்கும் படங்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவை பவுடர் அதிகமான மாப்பிள்ளை முகம். நான் கீழ்ப்பாதியை இருட்டாகவே விட்டுவிடுவேன். அந்தக் கறுப்புக்குள்தான் மூழ்கிய வரப்பு ஒன்று மங்கலாகத் தெரியும்.

பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்புறத்தில் தென்னைகளுக்கு அப்பால் தெரியும் மலை எங்கள் மவுண்ட் ஹாரியட். 2021 முதல் மவுண்ட் மணிப்பூர். நாடு முழுக்க எத்தனையோ சட்டைப்பைகளில் கசங்கிய இயற்கைக் காட்சி அது. அந்தக் காட்சியிலுள்ள விரிகுடாவின் கரையில் பல காலை நின்றிருக்கிறேன். கடல் மலையைத் தராது. அலையின் ஒவ்வொரு சரிவும் சூரியனைத் தனித்தனியாகப் பிடிப்பதால் தொடுவானம் வரை ஒரு பொன்பாதைதான் கிடைக்கும். அழகுதான், ஆனால் எந்தக் கடற்கரையிலும் கிடைப்பதுதானே.

சிப்பிகாட்டில் காத்திருக்க வேண்டியது நீரேற்றம் முடிந்து வடிதல் தொடங்குமுன் வரும் இடைவேளைக்கு. அது உதயத்தோடு சேர்வது மாதத்தில் சில நாள்தான். சேர்ந்த ஒரு நாளில் காற்று இல்லை, இலை அசையவில்லை. குன்று முழுசாக இறங்கித் தண்ணீரில் படுத்திருந்தது. கால் விநாடி ஷட்டருக்கு விரல் வைத்தேன். பட்டமரத்தின் பின்னாலிருந்து அந்தமான் கிளுவை ஒன்று, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு, அவசரமே இல்லாமல் நீந்தி வந்தது. அதன் பின்னால் விரிந்த இரண்டு கோடுகளுக்குள் குன்றின் உச்சி நெளிந்து, துண்டாகி, மெல்ல மறுபடி கூடியது.

கூடுவதற்கு முன்னால் எடுத்த படத்தைத்தான் வைத்திருக்கிறேன்.