லயத்துத் தகரப்பெட்டியும் ஆவணக் காப்பாளரும்

ஆவணக் காப்பாளருக்குப் பயிற்சி என்றதும், தாளைப் படம்பிடித்துப் பட்டியலிடக் கற்பிப்பதையே பலரும் எண்ணுகின்றனர். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களுக்கு இது போதாது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டுச் சட்டமோ, 1946 ஜனவரிக்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மற்றையோர் 10 ஆண்டும் இடையறாது இங்கு வாழ்ந்ததை நிரூபிக்கக் கோரியது. சாட்சி சொல்லவல்ல செக்ரோல் ஏடு எங்கே இருந்தது? துரையின் கந்தோரில்! உழைத்தவன் பெட்டியில் இருந்தவை ஓரிரு துண்டுக் காகிதங்களே.

தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. கைமாறிய சொத்துக்களில் அந்த ஏடுகளை எவர் கணக்கெடுத்தார்?

2005 முதல் ‘நூலகம்’ எண்ணிம வடிவில் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காத்துவருவது அரும்பணியே. ஆனால் தகரப்பெட்டி நூலகத்தைத் தேடி வராது. காப்பாளரே லயத்துக்குச் செல்லவேண்டும். ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளையிடம் செக்ரோலை வாசிக்கக் கற்கவேண்டும். உரியவர் கண்முன்னே படியெடுத்து, மூலத்தை அவரிடமே திருப்பித் தரவேண்டும். (வாங்கிச் சென்று மறந்த பெரியோர் உண்டு.) சிங்களமும் பயிலவேண்டும்: சப்ரகமுவவில் சிங்களத்திலேயே கல்வி கற்ற பேரப்பிள்ளைகள் பலர். பாட்டனின் பெயர் அவர்களும் வாசிக்கும் எழுத்தில் இருக்கட்டும்.