துடைத்தால் போகிற பசை

கணினியின் பிராசஸருக்கும் அதன்மேல் அமரும் ஹீட்சிங்குக்கும் இடையே இடுகின்ற தெர்மல் பேஸ்ட்டைப் பற்றி அபிப்பிராயம் சொல்லப் புகுவோர் அனைவரும், அது எத்தனை டிகிரி உஷ்ணத்தைக் குறைத்தது என்பதை அளந்து காட்டுகிறார்கள்; அதைப் புள்ளியாக வைப்பதா, கோடாக இழுப்பதா, பெருக்கற்குறியாக இடுவதா என்று சளைக்காமல் தர்க்கம் செய்கிறார்கள்; ஆனால் வைத்த பசை, நான்கு கோடைகள் கழிந்த பிறகு, பிடித்த இடத்தை விட்டு மரியாதையாக வெளியேறுகிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துக் கணினிகளோடு பழகியவனுக்கு இதுவே முதற்கேள்வி. ஏனெனில் இந்தப் பக்கத்தில் ஒரு கணினியை வாங்குகிறவர், அது உயிரோடிருக்கும் வரையில் அதை விடுவதில்லை. அண்ணன் படித்து முடித்தால் தம்பிக்கு, தம்பிக்குப் பின் கடைக் கணக்குக்கு என்று அது கைமாறிக்கொண்டே போகும். ஆகவே இடுவது ஒரு தடவை என்றால், எடுப்பதும் ஒரு தடவை வந்தே தீரும்.

சில வாரங்களாக நான் பயன்படுத்தி வருவது ஆர்க்டிக் நிறுவனத்தாரின் எம்எக்ஸ்-4 என்னும் பேஸ்ட். 4 கிராம் அடங்கிய ஊசிக்குழல். 2010-ஆம் ஆண்டிலேயே சந்தைக்கு வந்த பழைய சரக்கு இது. இதன் குணாதிசயங்களை இன்னொரு முறை ஒப்பிக்க வேண்டுவதில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஆர்க்டிக் சில்வர் என்ற பெயரில் விற்பது வேறொரு அமெரிக்க நிறுவனத்தின் வெள்ளித்தூள் பசை, இந்த ஆர்க்டிக்கோ 2001-இல் சுவிட்சர்லாந்தில் தோன்றியது. பெயரை மட்டும் கேட்டு ஒன்றுக்கு மற்றொன்றை எடுத்துக் கொடுக்கிற கடைக்காரர்கள் புதுச்சேரியில் இருக்கிறார்கள். எம்எக்ஸ்-4-இல் கரித்துகள் உண்டேயன்றி உலோகத்தூள் இல்லை, மின்சாரத்தைக் கடத்தாது, கைநடுக்கத்தில் ஓரமாகச் சிந்தினாலும் பலகைக்கு ஆபத்தில்லை.

பசையின் வேலை என்ன என்பதிலே பலருக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. அது உஷ்ணத்தை அற்புதமாகக் கடத்தும் வஸ்து என்று எண்ணி, கூடுதலாக வைத்தால் கூடுதலாகக் குளிரும் என்று நம்பி, அப்பிவிடுகிறார்கள். வெப்பங் கடத்தும் திறனைக் குறிக்கும் எண் செம்புக்கு ஏறக்குறைய 400, அலுமினியத்துக்கு 237. எம்எக்ஸ்-4-க்கு அதன் உறைமேல் போட்ட எண்ணே 8.5தான். உலோகத்தோடு ஒப்பிட்டால் பசை ஒரு முட்டுக்கட்டை. ஆனால் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் இரண்டு உலோக முகங்களை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது, அவற்றின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்கிடையே காற்று புகுந்து தங்கிவிடுகிறது. அந்தக் காற்றின் எண் 0.026. காற்றை வெளியேற்றி அதன் இடத்தில் தான் அமர்வதே பசையின் பெருமை; காற்று இல்லாத இடத்தில் அது இருந்தால் உபத்திரவமே. எனவே பட்டாணி அளவு போதும் என்று சொல்வது சிக்கனத்துக்காக அன்று. இந்த எண்களிலும் பொய் மிகுந்துவிட்டது. ஆளுக்காள் உறைமேல் கூட்டிப் போடுகிறார்கள். 2022-இல் வெளியிட்ட எம்எக்ஸ்-6-க்கு அந்த எண்ணைப் போடுவதையே ஆர்க்டிக்காரர்கள் விட்டுவிட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் பிரியம் ஏற்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

செம்பு என்றதும் பாகூர்க்காரனுக்கு நினைவு வருவது வேறு. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், இவ்வூரில் நடந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களைத் தானமாக வழங்கிய சாசனம் செப்பேட்டில் பொறிக்கப்பட்டது. எழுத்தை ஆயிரம் ஆண்டுக்கு மேல் தாங்கி நிற்கிற அதே உலோகம், உஷ்ணத்தை ஒரு கணமும் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை என்பது ஒரு வேடிக்கை.

நம் சீதோஷ்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிறநாட்டார் செய்யும் பரீட்சைகள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறைகளில் நடப்பவை. அக்கினி நட்சத்திரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பாகூரில் ஓர் அறை பிற்பகல் இரண்டு மணிக்கு எப்படி இருக்கும் என்பது அவர்கள் கணக்கில் வராது. அறை பதினைந்து டிகிரி ஏறினால் பிராசஸரும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். அங்கே 78-இல் சுகமாக நிற்பது இங்கே 93-க்குப் போய்விடும். ரைசன் 3 3200ஜி போன்ற பிராசஸருக்கு எல்லை 95. அதை நெருங்கியதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதோடு தூசியையும் சேர்க்க வேண்டும். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூருக்குப் பெயர். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் விளைகிற ஊரில் அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டால், அந்தப் பொடி வீட்டுக்குள் வராமல் எந்தச் சன்னலும் தடுப்பதில்லை. அது ஹீட்சிங்கின் இதழ்களுக்கிடையே, விசிறிக்கு நேர் கீழே, கம்பளியாகப் படிந்து காற்றுவழியை அடைத்துவிடுகிறது.

வில்லியனூரில், திருக்காமீசுவரர் கோயிலுக்குப் பக்கத்தில், என் மைத்துனர் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறார். பிளஸ் டூ தேர்வு முடிவு வந்து, கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் விண்ணப்பம் தொடங்குகிற காலமே அவருக்கு அறுவடை. வெயிலும் அப்போதுதான் உச்சத்தில் நிற்கும். விண்ணப்பத்தில் சான்றிதழை ஏற்றுகிற நேரத்தில் கணினி திணறினால், வரிசையில் நிற்கும் தாய்தந்தையர் முகத்தைப் பார்க்க முடியாது. அவருடைய கணினிகள் இரண்டை ஒரே வாரத்தில் பிரிக்க நேர்ந்தது. ஒன்றில் இருந்தது, நான்கு ஆண்டுகளுக்கு முன் இட்ட எம்எக்ஸ்-4. மற்றொன்றில் இருந்தது, ஏதோ ஒரு சர்வீஸ் கடையில் தடவிக் கொடுத்த, ஊர்பேர் தெரியாத வெள்ளைப் பேஸ்ட்.

இந்த வெள்ளைப் பேஸ்ட்டின்மேல் எனக்குள்ள கோபத்தைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். சிலிக்கோன் எண்ணெயில் துத்தநாக ஆக்சைடுத் தூளைக் குழைத்துச் சிறு டப்பாக்களில் விற்கும் பொருள் அது. ஆம்ப்ளிஃபயரிலும் இன்வெர்ட்டரிலும் டிரான்சிஸ்டருக்கு அடியில் தடவுவதற்கு யோக்கியமானது. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பது அநியாயம். பிராசஸரின் ஓயாத சூட்டில் எண்ணெய் பிரிந்து ஓரங்களுக்கு வழிந்துவிட, நடுவில் தூள் மட்டும் தங்கி, பழைய சுவரின் சுண்ணாம்புக் காரை போல இறுகி, வெடித்துக் கிடக்கிறது. பிறகு அது உஷ்ணத்தையும் விடுவதில்லை, ஹீட்சிங்கையும் விடுவதில்லை. ரைசன் அமரும் ஏஎம்4 சாக்கெட் பலகைகளில் இதனால் ஒரு பெரிய அபாயம் இருப்பதைக் கைவேலைக்காரர்கள் அறிவார்கள்: அங்கே 1331 ஊசிகளும் பிராசஸரின் அடிவயிற்றிலேயே இருப்பதால், காய்ந்த பசையோடு ஹீட்சிங்கை நேரே மேல்நோக்கி இழுத்தால், பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து பிராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், ஊசி வளைந்தால் நிமிர்த்துவது பொற்கொல்லன் வேலை. கணினியைப் பத்து நிமிஷம் கடுமையாக ஓடவிட்டுச் சூடேற்றி, மின்சாரத்தைத் துண்டித்து, திருகுகளை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, ஹீட்சிங்கை இடமும் வலமும் மெல்லத் திருகி, பிடி விட்டது என்று கைக்குத் தெரிந்த பிறகே தூக்க வேண்டும்.

“பேஸ்ட்டுல என்ன சார் இருக்கு? எல்லாம் ஒண்ணுதான்,” என்றான் அந்தத் தொழிலிலே இருக்கும் ஒரு பையன், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன்.

“எல்லாம் ஒண்ணுன்னா, தம்பி, இதைச் சுரண்டாம எடுத்துக் காட்டு,” என்றேன்.

அவன் பையிலிருந்து எடுத்தது பிளேடு. நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

துடைப்பதற்கு உரிய திரவம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால். 99 சதவிகிதம் இருந்தால் உத்தமம். சாராயக் கடையையும் கள்ளுக் கடையையும் ஏலம் விட்டு நடத்துகிற பிரதேசம் நம்முடையது. குடிக்கிற ஸ்பிரிட்டுக்குக் குறைவில்லாத இடத்தில், துடைக்கிற ஸ்பிரிட்டுக்கு மட்டும் பாகூரிலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போக வேண்டியிருக்கிறது. மொபைல் சர்வீஸ் செய்கிறவர்கள் இதை ஐபிஏ என்பார்கள். அவர்களிடம் கேட்டால் வாங்கும் இடம் தெரியும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட் ஆபத்துக்கு உதவலாம். ஆனால் சில தயாரிப்புகளில் எண்ணெய்ப்பசை கலந்திருப்பதால், துடைத்த இடம் உலர்ந்தபின் மங்கலாகத் தெரியும். கிருமிநாசினி என்று கையில் தேய்க்கிற திரவத்தில் கிளிசரின் உண்டு, அதுவும் ஆகாது. மண்ணெண்ணெய், பெட்ரோல், பெயிண்ட் தின்னர் ஆகியவற்றை வைத்து வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. துணி, மூக்குக்கண்ணாடி துடைக்கக் கொடுக்கிற மெல்லிய துணியாக இருக்கட்டும். பழைய வேட்டிக் கிழிசல் நூல்விடும்.

வெள்ளைப் பேஸ்ட்டை ஊறவைத்து, துடைத்து, மறுபடி ஊறவைத்து, ஒருவழியாகப் பெயர்த்த பிறகும், பிராசஸரின் நிக்கல் முகத்தில் பொறித்த எழுத்துகளின் பள்ளங்களில் வெண்மை ஒட்டிக்கொண்டு, ரைசன் என்ற பெயர் சாக்பீஸால் எழுதியதாகவே நின்றது. பஞ்சு சுற்றிய குச்சியால் எழுத்தெழுத்தாகத் துடைக்க வேண்டியிருந்தது.

எம்எக்ஸ்-4 இருந்த கணினியில் நடந்தது வேறு. நான்கு வருஷத்துச் சூட்டைத் தின்றிருந்தும் ஓரத்தில் மட்டுமே சற்று இறுகியிருந்தது. நடுவில் இன்னும் ஈரப்பதமாக, சாம்பல் நிறத்தில், பளபளப்போடு இருந்தது. ஹீட்சிங் கால் திருகலில் கழன்று வந்தது. காய்ந்த துணியாலேயே முதல் ஒற்றலில் பெரும்பகுதி வந்துவிட்டது; இரண்டு சொட்டு ஐபிஏ பட்டதும் மிச்சம் கரைந்து ஓடி, எழுத்துகள் கறுப்பும் வெள்ளையும் இன்றித் தெளிந்து தோன்றின. எட்டு ஆண்டு உழைக்கும் என்பது உற்பத்தியாளர் வாக்கு. நான்குக்கு நானே சாட்சி. ஒரு பேஸ்ட்டைத் துடைப்பதில் சந்தோஷம் அடைந்தேன் என்று எழுதினால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மறுபடி இட்டது சுருக்கமான வேலை. நடுவில் பட்டாணி அளவு வைத்து, ஹீட்சிங்கை நேராக இறக்கி, மூலைக்கு மூலை மாற்றித் திருகினால், அழுத்தமே அதைப் பரப்பிவிடுகிறது. கூட வருகிற பிளாஸ்டிக் கரண்டியை நான் தொடவில்லை. ஆர்க்டிக் சில்வர் 5 முழுப்பலன் தருவதற்கு 200 மணி நேரம் வரை ஓட வேண்டும் என்பார்கள். எம்எக்ஸ்-4-க்கு அந்தக் காத்திருப்பு இல்லை. குறையென்று சொல்வதானால், குழலின் மூடி மிகச் சிறியது. உருண்டு மேசைக்கடியில் போய்விட்டால், திறந்த குழலுக்குள் நெற்பொடி புகுந்துவிடும் ஊர் இது.

இனிப் பலன். புகழ் முழுவதும் பசைக்கே சேரக்கூடாது என்பதற்காக, வெள்ளைப் பேஸ்ட் இருந்த கணினியில் முதலில் தூசியை மட்டும் தட்டிப் பார்த்தேன். விசிறியை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, பெயிண்ட் பிரஷ்ஷாலும் புளோயராலும் இதழ்களைச் சுத்தம் செய்ததிலேயே, 34 டிகிரி அறையில் 93-இல் நின்ற உஷ்ணம் 84-க்கு இறங்கிவிட்டது. பசை மாற்றியபின் 77. ஆகவே பாதிக்குமேல் தூசியின் குற்றமே. பேஸ்ட் வாங்கப் பணம் இல்லாதவர் பிரஷ்ஷையாவது எடுக்கலாம். சில வாரங்கள் கழித்து அளந்தபோதும் 77-ஐ விட்டு அசையவில்லை. விசிறியின் இரைச்சல் அடங்கியது தனி லாபம்.

இதைவிட மேலானவை இல்லையா என்றால், உண்டு. எம்எக்ஸ்-6 இன்னும் கெட்டியானது. லேப்டாப்பில் இடம்விட்டு வழியாமல் நிற்கும். ஹனிவெல் நிறுவனத்தின் பிடிஎம்7950 என்னும் தகடு 45 டிகிரி சுமாரில் இளகிப் படிகிறது. நம் வெயிலில் கையிலேயே நெகிழ்ந்துவிடுமாதலால், ஃபிரிட்ஜில் சிறிது நேரம் வைத்துப் பிறகே உறையைப் பிரிக்க வேண்டும். காலியம் கலந்த திரவ உலோகத்தை அலுமினிய ஹீட்சிங்கில் தடவினால் அது அலுமினியத்தையே அரித்துத் தின்றுவிடும். நம் ஊர்க் கணினிகளில் பெரும்பாலானவை அலுமினிய அடி உடையவை, ஆகையால் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

என் தீர்ப்பு இதுதான்: மேசைக்கணினிக்கு எம்எக்ஸ்-4 போதும், போலிகள் உலவுவதால் உறையிலுள்ள குறியீட்டை நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்து வாங்குங்கள், கூடவே ஒரு சிறு புட்டி ஐபிஏயும் வாங்குங்கள். உத்தரவாதக் காலம் முடியாத லேப்டாப்பைத் திறக்காதீர்கள். கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவர்கள் இந்த வேலையைப் பங்குனிக்குள், பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்னால், முடித்துவிடுவது நல்லது.