முரகாமியின் இரு சிறுகதைகளில் இசை

யப்பானிய எழுத்தாளர் ஹருகி முரகாமியின் ‘தன்மை ஒருமை’ எனப் பொருள்படும் தலைப்பிலான தொகுப்பு (2020) எட்டுச் சிறுகதைகளைக் கொண்டது. அவற்றுள் இரண்டு, வாசகரை அறிமுகமற்ற இசையைத் தேடவைக்கின்றன.

‘கார்னவல்’ கதையில் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் நண்பர்களாக்குவது, ராபர்ட் சூமன் 1834–35இல் அமைத்த அதே பெயருடைய பியானோ இசை. முகமூடி விருந்தொன்றைச் சித்திரிக்கும் சிறு துண்டுகளின் தொகுதி அது. யூசிபியஸ், புளோரெஸ்டன் எனத் தன் இயல்பின் இரு பக்கங்களையும் சூமன் அதில் தனித்தனியே அமைத்துள்ளார். எல்லோரும் முகமூடியுடனேயே வாழ்கிறோம் என்னும் அப்பெண் பின்னர் மோசடி வழக்கில் கைதாகிறாள். இசையைக் கேட்டபின் மீண்டும் படித்தால் அவள் பேச்சு வேறாக ஒலிக்கும். ஆனால் முகமூடியின் பொருளைப் பாத்திரமே விளக்கிவிடுவது கதையின் குறை. இசை உணர்த்தவேண்டியதைப் பேச்சு முந்திக்கொள்கிறது.

‘சார்லி பார்க்கர் பிளேஸ் போசா நோவா’ கதையில் வரும் இசைத்தட்டு உண்மையில் இல்லை. பார்க்கர் 1955இல் இறந்தார். போசா நோவா பரவியது அதன் பிறகே. கதைசொல்லி மாணவப் பருவத்தில் எழுதியது கற்பனை மதிப்புரை. தேடும் வாசகருக்குப் பார்க்கரின் சாக்சபோனும் பிரேசிலின் போசா நோவாவும் தனித்தனியே கிடைக்கும். இரண்டையும் மனத்தில் சேர்த்துக் கேட்கவேண்டியவர் அவரே. இல்லாத ஒலியைக் கேட்கச் செய்வதால் இரண்டில் இக்கதையே வலிமையானது.