எழுபது வளைவு, இரண்டு வாட்ச்

காரவள்ளி அடிவாரத்தில் விடிகாலை ஐந்தே முக்கால். இடது மணிக்கட்டில் ஒன்பது வருடப் பழைய ஜி.பி.எஸ். வாட்ச். வலதில் வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத புதுசு. டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டியவர் கையை எடுக்காமல் பார்த்தார். “ரெண்டு எதுக்குங்க தம்பி? ரெண்டும் ஒரே மணிதானுங்களே காட்டும்?”

மணி ஒன்றுதான். மற்றதில் எவ்வளவு வித்தியாசம், அந்த வித்தியாசத்துக்கு இவ்வளவு பணம் தகுமா என்று பார்க்கத்தான் கொல்லிமலைக்கு வந்திருந்தேன். இங்கிருந்து மேலே சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் நம்பர் போட்ட பலகை உண்டு. வாட்ச்சைச் சோதிக்க இதைவிட நல்ல பாதை தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை. பலகை பொய் சொல்லாது, ஏற்றம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர், பாதி தூரத்துக்கு ஒரு பக்கம் பாறைச் சுவர். பத்துப் பலகைக்கு ஒரு தடவை இரண்டிலும் லேப் பட்டனை அழுத்துவது என்று திட்டம்.

என் இரண்டு வாட்ச்சும் ஒரே கம்பெனி. பெயர் வேண்டாம். நான் ஒப்பிட வந்தது தலைமுறையை. எந்தக் கம்பெனிப் பொருளை எடுத்தாலும் கதை கிட்டத்தட்ட இதுதான்.

கிளம்பும்போதே பழசு மக்கர் செய்தது. சாட்டிலைட்டைப் பிடிக்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆக்கியது; புதுசு டீ ஆறுவதற்குள் பிடித்துவிட்டது. ஆனால் இதற்காகப் புதுசுக்கு மார்க் போட மாட்டேன். ஒவ்வொரு சாட்டிலைட்டும் தான் இருக்கும் இடத்தின் விவரத்தை விநாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது. ஒரு சாட்டிலைட்டின் விவரம் முழுசாக வந்து சேரவே அரை நிமிடம் ஆகும், நடுவில் மரமோ பாறையோ மறைத்தால் மறுபடி முதலிலிருந்து. ஃபோனோடு சேர்த்தால் அந்த விவரத்தை வாட்ச் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். பழசை நான் பத்து நாளாக ஃபோனோடு சேர்க்கவே இல்லை. தப்பு என்னுடையது. மலையில் சிக்னல் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் வரும். நாமக்கல்லிலோ சேலத்திலோ கிளம்பும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

முதல் பத்து வளைவு வரை இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒத்துப்போயின. பாறை நெருங்க நெருங்க பழசு தடுமாற ஆரம்பித்தது. ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கிறேன். அது ஒரு கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்கிறது, அடுத்த திருப்பத்தில் பதினொன்று என்கிறது. வீட்டுக்கு வந்து வரைபடத்தில் பார்த்தால், வளைவின் மேல் கையும் கீழ் கையும் ஒட்டிக்கொண்டு ஒரே கோடாகக் கிடக்கின்றன. சில திருப்பங்களில் ரோட்டையே விட்டுவிட்டுக் குறுக்கே காட்டுக்குள் புகுந்திருக்கிறேனாம்.

பாறையில் பட்டுத் திரும்பி வரும் சிக்னல் செய்யும் வேலை இது. பழைய வாட்ச்சுகள் எல்1 என்ற ஒரே அலைவரிசையைத்தான் கேட்கும். அதில் வரும் குறியீட்டின் ஒரு துண்டு வானத்தில் 293 மீட்டர் நீளம். நேராக வந்ததும் சுவரில் மோதி வந்ததும் ஒன்றின்மேல் ஒன்று குழம்பிவிடும். புதுசு எல்5 என்ற இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறது. அதில் துண்டு 29 மீட்டர் சொச்சம்தான், எதிரொலியைப் பிரித்துத் தள்ளுவது சுலபம். நம் ஊர் நாவிக் சாட்டிலைட்டுகளும் எல்5-இல் பேசுபவைதான்.

அதற்காகப் பழசைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். செட்டிங்கில் ‘ஸ்மார்ட்’ பதிவு என்று இருந்ததை ‘ஒவ்வொரு விநாடியும்’ என்று மாற்றி அடுத்த வாரம் மறுபடி ஏறினேன். காட்டுக்குள் புகுவது பாதியாகக் குறைந்தது. காசு செலவில்லாத வைத்தியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலை ஏறும்போது தூரமும் வேகமும் யாருக்கு வேண்டும்? இந்த ரோட்டில் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்பது என் பயிற்சிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எவ்வளவு உயரம் ஏறினேன், இதயம் எப்படித் துடித்தது, இரண்டே கேள்வி. முதல் கேள்வியில்தான் இரண்டு வாட்ச்சும் அடியோடு பிரிந்தன.

பழசில் பாரோமீட்டர் கிடையாது. உயரத்தையும் சாட்டிலைட்டை வைத்தே கணிக்கும். சாட்டிலைட் எல்லாம் தலைக்கு மேலேயே இருக்கின்றன, காலடியில் ஒன்றுகூட இல்லை. அதனால் பக்கவாட்டுப் பிழையைவிட உயரப் பிழை எப்போதும் பெரிசு. ஓட்டம் முடிந்து ஃபோனில் ஏற்றியதும், நில வரைபடத்தைப் பார்த்து ஆப் அதைத் திருத்தும். சமவெளியில் அது போதும். இங்கே தடம் இருபது மீட்டர் விலகினாலே ரோட்டிலிருந்து சரிவுக்கு வந்துவிடுகிறோம், உயரம் சட்டென்று பத்து மீட்டர் எகிறும். அடுத்த திருப்பத்தில் இறங்கும். இப்படி ஏறி இறங்கினதையெல்லாம் கூட்டி, புதுசு காட்டியதைவிடக் கால்வாசி கூடுதலாக ஏறியதாகப் பழசு சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

புதுசு காற்றழுத்தத்தைப் பார்க்கிறது. இந்த உயரங்களில் ஏறக்குறைய ஒன்பது மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் வீதம் அழுத்தம் குறையும். பாறை மறைத்தாலும் மரம் மறைத்தாலும் அதற்குக் கவலையில்லை. மலைமேல் அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படி இறங்கிப் பார்த்தேன், ஓடவில்லை, நடந்துதான். பள்ளத்துக்குள் வானமே ஒரு கீற்றாகத்தான் தெரிகிறது. பழசின் தடம் கோழி கிளறின மாதிரி. புதுசின் உயரக் கோடு படிப்படியாக இறங்கி, அருவியடியில் நின்று, அதே வழியில் மேலே வந்தது.

பாரோமீட்டருக்கும் ஒரு கிறுக்கு உண்டு. மலைமேல் செம்மேட்டில் காலை பத்து மணிக்கு ரூமுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தேன். நாலு மணிக்கு எழுந்து பார்த்தால், கட்டிலில் கிடந்தபடியே இருபத்தைந்து மீட்டர் ஏறியிருக்கிறேன்! வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் காலை பத்து மணி வாக்கில் உச்சிக்குப் போய், மாலை நாலு வாக்கில் மூன்று ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கும். கடல் அலை மாதிரி அது ஒரு ஏற்றவற்றம். வாட்ச்சுக்கு அது மலையேற்றம். ஓடும் முன்பு உயரத்தைச் சரிசெய்து வையுங்கள். பின்பக்கத்தில் இருக்கும் சின்னத் துளையில் வியர்வை உப்பு அடைக்காமல் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

இதயத்துடிப்பில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பனிக்காலையில் மணிக்கட்டு குளிர்ந்திருந்தால் இரண்டுமே முதல் பத்து நிமிடம் உளறுகின்றன. நெஞ்சுப்பட்டை கட்டினால் தீர்ந்தது. புதுசின் பளபள திரை அழகு, ஆனால் வியர்த்த விரலுக்குத் தொடுதிரை ஒத்துழைக்காது. பட்டன் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். தூக்க மார்க், ‘இன்று நீ தயாரா’ மார்க் எல்லாம் எனக்கு ஜோசியம் மாதிரிதான். எழுபது வளைவும் ஏறி நாக்குத் தள்ளி நின்றபோது, இந்தப் பயிற்சியால் உனக்குப் பலனில்லை என்று புதுசு தீர்ப்பு எழுதியது.

ஆக, வாங்கும்போது வந்த வருடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கார்மின் ஃபீனிக்ஸ் 3 வந்தது 2015-இல். அதில் பாரோமீட்டர் இருந்தது. நாலு வருடம் கழித்து 2019-இல் வந்த ஃபோர்ரன்னர் 245-இல் இல்லை. 2021-இன் 55-இலும் இல்லை. 2022-இல் வந்த 255-இல் பாரோமீட்டரும் இரட்டை அலைவரிசையும் இரண்டும் உண்டு. 2024-இன் 165-இல் பாரோமீட்டர் உண்டு, இரட்டை அலைவரிசை இல்லை. மலைக்கு அது போதும் என்பேன். கோரோஸ் பேஸ் 3 எடையிலும் பேட்டரியிலும் இவற்றோடு தைரியமாகப் போட்டி போடும். நாமக்கல் ரோட்டிலும் மைதானத்திலும் மட்டுமே ஓடுகிறவர் பழசையே வைத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தில் இரண்டு ஜோடி ஷூ வாங்கலாம்.

செகண்ட் ஹேண்ட் பார்க்கிறீர்களென்றால் முதலில் பேட்டரி. புதுசாக வந்தபோது பதினொரு மணி நேரம் ஓடிய என் பழசு இப்போது ஐந்தில் மூச்சு விட்டுவிடுகிறது. சார்ஜரையும் கையோடு கேட்டு வாங்குங்கள், ஒன்றுக்குள்ளது இன்னொன்றுக்குப் பொருந்தாமல் போகலாம். பிறகு விற்கிறவரிடம் சொல்லிவிட்டு வாட்ச்சைக் கட்டிக்கொண்டு மூன்று மாடி படியேறுங்கள். உயரம் ஒன்பது, பத்து மீட்டர் கூடினால் விலை பேசலாம். அசையாமல் நின்றால் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.