தக்காளி அச்சாகும் பக்கங்கள்

நம் தினசரிகளில் விலைவாசிச் செய்தி எழுதப்படுகிற இலக்கணத்தைப் பற்றி அதிகம் பேச்சில்லை. ‘தக்காளி விலை உயர்ந்தது’ என்ற வாக்கியத்தில் எழுவாய் விலைதான். அது தானாக ஏறும், தானாக இறங்கும், மழை மாதிரி. சரி, ஏத்தினது யாரு என்று கேட்க அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது.

காலையில் பேப்பர் வந்ததும் தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு நகரப் பக்கம், மாவட்டப் பக்கம், வணிகப் பக்கம் மூன்றையும் அடுத்தடுத்துப் படிப்பது எனக்குப் பல வருஷப் பழக்கம். ஒரே பண்டம் மூன்று பிரதிகளாகக் கிடைக்கும். 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. நகரப் பக்கத்துக்கு இது ‘இல்லத்தரசிகள் அதிர்ச்சி’, பிறகு நிவாரணக் கதையாடல். விலை விழுந்து, பறிப்புக் கூலிக்கே கட்டாமல் சாலையோரம் கொட்டினால் மாவட்டப் பக்கத்தில் ‘விவசாயிகள் வேதனை’. அதே விலை நகரப் பக்கத்தில் ‘மகிழ்ச்சி’. இரண்டும் ஒரே கூடையிலிருந்து வந்தவை என்பதைப் பக்கப் பிரிவினை மறைத்துவிடுகிறது.

வணிகப் பக்கத்தில் தக்காளியே இல்லை, சதவீதம்தான். சில்லறைப் பணவீக்கம் 2023 ஜூலையில் 7.44, ஆகஸ்டில் 6.83. உடனே ‘பணவீக்கம் குறைந்தது’. முந்தைய ஆகஸ்டில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு இப்போது 106 ரூபாய் 83 காசு என்பதுதான் அதன் அர்த்தம். அந்தக் கணக்கில் உணவுக்கும் பானங்களுக்கும் தந்த எடை 45.86 சதவீதம்; அதுவும் 2011-12 செலவுக் கணக்கெடுப்பை வைத்து. கூலியில் முக்கால்வாசி சோத்துக்கே போகிற வீடு அந்தச் சராசரிக்குள் கரைந்துபோகிறது. (சராசரியும் ஓர் அதிகாரம்தான், என்னத்தச் சொல்ல.)

தக்காளிக்கு நுகர்வோர் கொடுக்கிற ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது ஏறக்குறைய 33 காசு என்றது, 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை. மீதி 67 காசையும் ‘இடைத்தரகர்’ என்ற ஒற்றைச் சொல்லில் போட்டு மூடுவது நம் இடதுசாரி நண்பர்களுக்கும் சௌகரியமாக இருக்கிறது. அதற்குள் மண்டிக் கமிஷனும் வியாபாரி லாபமும் மட்டுமா? லாரி வாடகை, அழுகல், கடை வாடகை, பெட்டி இறக்குகிறவர் கூலி எல்லாம் கிடக்கிறது. பெட்டி இறக்குகிறவர் எந்தப் பக்கத்திலும் அதிர்ச்சி அடைவதில்லை, வேதனைப்படுவதுமில்லை. அவரும் கடையில் காசு கொடுத்துத்தான் தக்காளி வாங்குகிறார்.